மூன்று ராஜாவும் இரண்டு புளியங்கொட்டையும்

மெர்சிலின் டீச்சருக்கு வயது முப்பத்து நான்கு. அவரிடம் போக்கர் படிக்க வந்த சீடர் ஆறுமுகநயினாருக்கு அறுபத்திரண்டு. டீச்சர் அவரை அண்ணாச்சி என்பார். அண்ணாச்சி அவரை டீச்சர் என்பார். யாருக்கு யார் மரியாதை கொடுப்பது என்று இரண்டு பேரும் ஒருநாளும் குழம்பியதில்லை.

டீச்சர் கோவாவில் ஒரு சூதாட்டக் கப்பலில் சீட்டுப் போடும் வேலை பார்த்தவர். ஊர் திரும்பி, தூத்துக்குடியில் ஒரு தையல் மிஷின் கடையின் மாடியில் வகுப்பு ஆரம்பித்தார். அங்கே காசு கிடையாது, புளியங்கொட்டைதான். காசு வைத்தால் போலீஸ் வரும், புளியங்கொட்டை வைத்தால் எறும்புகூட எட்டிப் பார்க்காது என்பார்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற ஆறுமுகநயினார் ரம்மியில் கெட்டிக்காரர். போக்கரில் அவரைத் தடுமாற வைத்தது ஆட்டமல்ல, அதில் புழங்குகிற சொற்கள்தான். வகுப்புக்கு ஒரு சொல் என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

ஃபோல்ட் என்றால் என்ன என்று கேட்ட அன்று டீச்சர் தன் சீட்டைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு எழுந்துபோய் டீ போட்டார். விலகிக்கொள்வது என்று புரிந்தது. பிளஃப் என்றால் என்ன என்று கேட்ட அன்று, கையில் உருப்படியாக ஒன்றுமில்லாமலே முன்னால் இருந்த கொட்டைக் குவியல் முழுவதையும் நடுவில் தள்ளினார். அண்ணாச்சி பயந்துபோய் ஒதுங்கினார். பிறகு டீச்சர் சீட்டைத் திருப்பிக் காட்டியபோது, வந்த கோபத்தில் அண்ணாச்சி அடுத்த வகுப்புக்கே வரக்கூடாது என்று நினைத்தார். வந்துவிட்டார்.

டெல் என்ற சொல்லைத்தான் அவரால் ஜீரணிக்க முடியவில்லை. கையில் இருப்பதை உடம்பே காட்டிக்கொடுப்பது. தன்னிடம் அப்படி ஒன்றும் கிடையாது என்று சாதித்தார்.

"நல்ல சீட்டு வந்தா கண்ணாடியைக் கழட்டித் துடைக்கீங்க அண்ணாச்சி" என்றார் டீச்சர்.

சொன்ன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

அன்று மத்தியானம் வகுப்புக்கு வந்தவர், போனை மேசைமேல் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் எதுவும் கேட்கவில்லை. கேட்காத இடத்தில்தான் அண்ணாச்சிக்குப் பேச்சு வரும். தானாகவே சொல்ல ஆரம்பித்தார்.

தம்பி சங்கரலிங்கம் இன்று சாயங்கால ரயிலில் கிளம்புகிறான். சென்னைக்குப் போய், அங்கிருந்து ஆஸ்திரேலியாவுக்கு, மகனோடு, ஒரேயடியாக. வீட்டையும் விற்றாகிவிட்டது. திரும்பி வர இனி ஒரு காரணமும் இல்லை. அந்த மகன் கல்யாணத்தில்தான் பேச்சு நின்றது. மூன்று தெரு தள்ளி இருக்கிற அண்ணனுக்குத் தம்பி பத்திரிகையை நேரில் வந்து வைக்கவில்லை. கூரியரில் அனுப்பினான். அண்ணன் கல்யாணத்துக்குப் போகவில்லை. ஏன் வரவில்லை என்று தம்பியும் கேட்கவில்லை. அவ்வளவுதான் சண்டை. இரண்டு பேரும் ஒரே கடையில் பால் வாங்குகிறார்கள், நேரம் மாற்றி.

காலையில் தம்பி மனைவி போன் பண்ணி, ரயில் எத்தனை மணிக்கு என்பதை மட்டும் கோமதியிடம் சொல்லியிருக்கிறாள். கோமதி அண்ணாச்சியின் மனைவி. வாருங்கள் என்று ஒரு வார்த்தை இல்லை.

"மூத்தவன்கிட்ட வந்து சொல்லிட்டுப் போறதுதானே முறை? வருவான். வந்தா உடனே எனக்கு போன் போடுன்னு கோமதிகிட்ட சொல்லியிருக்கேன். அவன் மேல எனக்கு எவ்வளவு பாசம்னு அவனுக்குத் தெரியாதா என்ன? சின்ன வயசுலேர்ந்து தெரியும். தெரிஞ்சும் வரமாட்டேங்கான்."

டீச்சர் சீட்டுக்கட்டை எடுத்துக் கலைத்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சி தொண்டையைச் செருமிக்கொண்டு, வந்த வேலையைப் பார்ப்போம் என்பதுபோல அன்றைய சொல்லைக் கேட்டார்.

"இந்த செக்னு சொல்லுதீங்களே, அது என்ன?"

டீச்சர் விரலால் மேசையை இரண்டு தட்டுத் தட்டினார். "இப்ப நான் எதுவும் வைக்கல, ஆட்டத்தை விட்டும் போகல. நீங்க பாத்துக்கோங்கன்னு அர்த்தம்."

"நல்ல வசதியா இருக்கே. சரி, ரெண்டு பேரும் தட்டிக்கிட்டே இருந்தா? யாரு முதல்ல வைக்கணும்?"

டீச்சர் சீட்டைப் போட்டார். ஆட்டம் தொடங்க ஆளுக்கு ஒரு கொட்டை நடுவில் வைத்தார்கள். ஆளுக்கு இரண்டு சீட்டு, கவிழ்த்து. அண்ணாச்சி ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். இரண்டும் ராஜா. கை தானாகக் கண்ணாடிக்குப் போயிற்று.

டீச்சர் இரண்டு பேர் கைக்கும் சேரும் பொதுச் சீட்டு மூன்றை நடுவில் திறந்து வைத்தார். ராஜா, ஏழு, இரண்டு.

மூன்று ராஜா. அண்ணாச்சி கண்ணாடியை இன்னொரு தடவை துடைத்தார். இப்போதே கொட்டையை அள்ளி வைத்தால் டீச்சர் உஷாராகி விலகிவிடுவார். முதலில் அவர் வைக்கட்டும், அப்புறம் மொத்தமாக வாரிக்கொள்ளலாம். நல்ல சீட்டை இப்படிப் பதுக்கி ஆடுவதற்கு ஸ்லோ பிளே என்று பெயர், போன வாரம்தான் படித்திருந்தார். படித்ததைப் பயன்படுத்தும் சந்தோஷத்தில் மேசையை இரண்டு தட்டுத் தட்டினார்.

டீச்சரும் தட்டினார்.

நான்காவது சீட்டு, ஒன்பது. அண்ணாச்சி டீச்சரின் முகத்தைப் பார்த்தார். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. தட்டினார். டீச்சரும் தட்டினார்.

போன் சும்மா கிடந்தது.

ஐந்தாவது சீட்டு, நான்கு. கடைசிச் சீட்டுக்கு ரிவர் என்று பெயர். ஏன் அந்தப் பெயர் என்று அண்ணாச்சி ஒருமுறை கேட்டிருக்கிறார். தெரியாது, அதற்குப் பிறகு சீட்டு கிடையாது என்பது மட்டும் தெரியும் என்று டீச்சர் சொல்லியிருந்தார்.

இப்போதாவது வைப்பார் என்று அண்ணாச்சி நம்பினார். கடைசி நேரத்தில் யாராயிருந்தாலும் வைக்கத்தானே செய்வார்கள். தட்டினார்.

டீச்சரும் தட்டினார். ஆட்டம் முடிந்தது.

அண்ணாச்சி இரண்டு ராஜாவையும் மேசையில் போட்டார். ஜெயித்துவிட்டார். நடுவில் கிடந்தது, முதலில் வைத்த இரண்டு கொட்டை. அவர் பக்கம் ஒரு குவியல், டீச்சர் பக்கம் ஒரு குவியல், இரண்டும் கலையாமல் அப்படியே இருந்தன. இப்படி ஒரு சீட்டு ஆயுசில் எத்தனை தடவை வரும் என்று நினைத்துக்கொண்டார்.

டீச்சர் தன் சீட்டைத் திருப்பினார். இரண்டும் ஏழு. பொதுச் சீட்டோடு சேர்த்தால் மூன்று.

அண்ணாச்சி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்ககிட்டயும் இருந்திருக்கே. பிறகு ஏன் வைக்கல?"

"நீங்க வைப்பீங்கன்னு இருந்தேன்."

"நானும் அதுக்குத்தான இருந்தேன்."

டீச்சர் சிரிக்கவில்லை. சீட்டுகளைக் கூட்டிக் கட்டோடு சேர்த்தார். அடுத்த ஆட்டத்துக்குக் கலைக்காமல், கட்டை ஓரமாக வைத்தார். கீழே கடையில் யாரோ ஒரு மிஷினை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது.

அண்ணாச்சிக்கு மனசு ஆறவில்லை.

"நான் கண்ணாடியைத் துடைச்சனே டீச்சர். ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை. என்கிட்ட இருக்குன்னு உங்களுக்கா தெரியாது?"

"தெரிஞ்சுது."

"தெரிஞ்சா பின்னே?"

"இருக்குன்னு எனக்குத் தெரியும் அண்ணாச்சி. ஆனா நீங்க வைக்கலியே."

ஆறுமுகநயினார் கையில் இப்போது ஒரு சீட்டும் இல்லை. கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியால் துடைக்க ஆரம்பித்தார்.