மங்கலான ஏழாயிரம்

இருதயராஜ் இருபது வருடம் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவர். நாற்பத்தாறு வயதில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தார். வழிகாட்டி வான்மதி அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். அது அவருக்கு உள்ளுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது.

அவர் எடுத்துக்கொண்ட படிகத்தில் அணுக்கள் நேர்வரிசையில் நிற்காமல் அலைபோல விலகி விலகி நின்றன. எக்ஸ்ரே பாய்ச்சினால் கருவியின் திரையில் புள்ளிகள் விழும். புள்ளியின் வெளிச்சம் பதிவாகும். அந்தக் கதிர் அலையின் ஏற்றத்தில் வந்ததா, இறக்கத்தில் வந்ததா என்கிற கட்டம் பதிவாகாது. அதை ஊகித்து, திருத்தித் திருத்தி அணுக்களின் இடத்தைக் காட்டுவதற்கென்றே ஒரு மென்பொருள் இருந்தது. நான்கு மாதமாக அது ஓர் அணுவை வெறும் கறையாகவே காட்டியது.

அன்று மத்தியானம் ஒரு தாளை வான்மதியின் மேசையில் எறியாத குறையாக வைத்தார். மென்பொருளை எழுதியவர்களுக்குப் புகார்க் கடிதம்.

"இதை அனுப்பப் போறேன் மேடம். இருநூறு தடவை ஓட்டியாச்சு. குப்பை."

"எத்தனை புள்ளி கொடுத்தீங்க சார்?"

"நாலாயிரம்."

"கருவி எடுத்தது?"

"பதினோராயிரம். மிச்சமெல்லாம் பெரிய புள்ளிகளுக்குப் பக்கத்துல மங்கலா ஒட்டிக்கிட்டிருந்துச்சு. தூசுன்னு தள்ளிட்டேன்."

வான்மதியின் முகம் இறுகியது. பேனாவை எடுத்தாள். 'இது நம்பத் தகுந்த மென்பொருள் அல்ல' என்ற வரியில் கடைசிச் சொல்லை மட்டும் அடித்துவிட்டுத் தாளை அவர் பக்கம் தள்ளினாள்.

"அர்த்தமே மாறிடுச்சே" என்று சீறினார் இருதயராஜ்.

"சின்ன வார்த்தைதானே சார்."

காது சுட, அவர் கணினிக்குத் திரும்பினார். விட்டுப்போன ஏழாயிரத்தையும் சேர்த்து ஓட்டினார். சாயங்காலம் கறை மெல்லப் பிரிந்து, சுத்தமான ஓர் அலையாக நெளிந்தது. சந்தோஷப்பட வேண்டிய மனிதருக்கு ஆத்திரம்தான் வந்தது. நேரே வான்மதியின் அறைக்குப் போனார்.

"நாலு மாசம் வீணாப்போச்சு. முதல் வாரமே இதைச் சொல்லியிருக்கலாமே. வேணும்னேதானே சும்மா இருந்தீங்க?"

வான்மதி எழுதுவதை நிறுத்தவில்லை.

"வாராவாரம் புள்ளிகளைக் காட்டச் சொன்னேன் சார். 'நான் பார்த்துக்கிறேன்'னு சொன்னீங்க."