மல்லிகைக்குக் கவாத்து

முன்னொரு காலத்திலே பூங்கழனி என்ற நாட்டை உத்தமராயர் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் எதையும் அளவோடு செய்யத் தெரியாது. கோபம் வந்தால் ஊரே நடுங்கும். ஆசை வந்தாலோ அதைவிட மோசம்.

ஒருநாள் ராணி கோமளவல்லி தன் மல்லிகைத் தோட்டத்தைக் காட்டி, "எப்படிப் பூத்திருக்கிறது பார்த்தீர்களா?" என்றாள். ராஜா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "இதில் என்ன அதிசயம்? தண்ணீர் ஊற்றினால் பூத்துவிட்டுப் போகிறது" என்றார். ராணிக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்படியா? நீங்களே ஒரு செடி வளர்த்து, அதில் பூத்த பூவைச் சரமாகக் கட்டி அனுப்புங்கள். அப்புறம் வருகிறேன்" என்று சொல்லிவிட்டுப் பல்லக்கில் ஏறித் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். போகிறவள் தோட்டக்காரர்களையும் கையோடு அழைத்துக்கொண்டு போனாள். விவரமான பெண்மணி!

ராணி இல்லாமல் ராஜாவுக்குச் சோறு இறங்கவில்லை. உடனே முற்றத்தில் ஒரு குண்டுமல்லிச் செடியை நட்டார். வெயில் படக்கூடாதென்று மேலே பட்டுக்குடை பிடித்தார். காலையில் பால் ஊற்றினார், மாலையில் பன்னீர் ஊற்றினார், மண் காயவே விடவில்லை. "என் குழந்தைமேல் எவன் கத்தி வைத்தாலும் அவன் கையை வெட்டுவேன்!" என்று தண்டோராவும் போட்டார். செடி புதராக மண்டியது. ஊரெல்லாம் மல்லிகை மணத்து ஓய்ந்தது, மார்கழியும் வந்துவிட்டது. ராஜாவின் செடியில் இலைதான் இருந்தது.

"என் ராணி இனி வரவே மாட்டாளா?" என்று சபையிலேயே கண்கலங்கிவிட்டார்.

மந்திரி நயினாருக்கு மனசு கேட்கவில்லை. செடிக்கு வெயில் வேண்டும், வேர் கொஞ்சம் காய வேண்டும், கிளையை வெட்ட வேண்டும். அதை அப்படியே சொன்னால் சொன்னவர் கை போய்விடும். அதனால் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "மகாராஜா, செடிக்கு வேண்டியது கவாத்து."

செடி வளர்க்கிறவர்களுக்குக் கவாத்து என்றால் கிளையை வெட்டிவிடுவது. படைக்காரர்களுக்கோ அணிவகுத்து வாள் சுழற்றிப் பழகுவது. நயினார் வாயைத் திறந்தாலே வயிறு எரிகிற தளவாய் கோதண்டர் துள்ளி எழுந்தார்.

"கவாத்தா? அது என் வேலை! வாளை எந்தப் பக்கம் பிடிப்பதென்று இவருக்குத் தெரியுமா? என் வீரர்களின் கவாத்தைப் பார்த்தால் செடி பயந்தே பூத்துவிடும், மகாராஜா!"

"பூத்தால் என் முத்துமாலை உனக்குத்தான்" என்றார் ராஜா.

"பூக்காவிட்டால் யோசனை சொன்ன நயினார் மந்திரி வேலையை விட்டுப் போகட்டும்" என்றார் கோதண்டர்.

"அப்படியே ஆகட்டும்" என்றார் நயினார்.

மறுநாளே முரசு முழங்க, செடியைச் சுற்றிப் படை நடந்தது. நயினார் ஓரமாக நின்று பார்த்தார். "தளவாயாரே, தரையெல்லாம் பாலும் பன்னீருமாகச் சேறு. வீரர்கள் வழுக்கி விழுந்தால் யாருக்கு அவமானம்?" என்றார். கோதண்டர் தண்ணீரை நிறுத்தினார். "இந்தக் குடை வீரர்கள் தலைப்பாகையில் இடிக்கிறதே" என்றார் நயினார் மறுபடியும். கோதண்டர் குடையைப் பிடுங்கினார். நாலைந்து நாள் கவாத்தில் மண் காய்ந்தது, செடிமேல் வெயில் விழுந்தது.

பிறகு நயினார் பெருமூச்சு விட்டார். "நல்ல கவாத்துதான். ஆனால் வாளெல்லாம் தூரத்திலேயே சுழல்கிறது. பக்கத்தில் போனால்தானே செடி பயப்படும்? பாவம், தளவாயாருக்கும் வயதாகிவிட்டது. கை நடுங்குமோ என்னவோ."

"யாருக்கு நடுங்கும்?"

உருவிய வாளோடு கோதண்டர் சுழன்று சுழன்று வீசினார். சரக், சரக்! மூச்சு வாங்க நின்று பார்த்தால், ஆள் உயரச் செடி முழங்கால் உயரம்தான் இருந்தது.

ராஜா அலறிக்கொண்டு ஓடிவந்தார். "அடப் பாவி! என் குழந்தையைக் கொன்றுவிட்டாயே! நீட்டு கையை!"

"மகாராஜா... கவாத்து... மந்திரிதான்..." கோதண்டர் வாளைக் கீழே போட்டார்.

"கை எங்கே ஓடிவிடப்போகிறது, மகாராஜா?" என்றார் நயினார். "துளிர்க்கிறதா என்று பார்த்துவிட்டு வெட்டலாமே. அதுவரை எரு வைத்து, அளவாகத் தண்ணீர் விட்டு, தளவாயாரே செடியைப் பார்த்துக்கொள்ளட்டும். போகப்போவது அவர் கை. அவரைவிட அக்கறையாக வேறு யார் பார்ப்பார்கள்?"

தளவாய் சாணக்கூடை சுமந்த அழகைப் பார்க்க ஊரே திரண்டது. மனிதர் விடியும் முன்பே எழுந்து, துளிர் வந்ததா என்று குனிந்து குனிந்து பார்ப்பார். வந்தது. துளிர் கிளையானது, கிளை நுனியெல்லாம் மொட்டானது. பங்குனியில் ஒரு மாலை முற்றமே வெள்ளையாகப் பூத்து, சபை வரைக்கும் மணத்தது.

கையில் வெட்டு விழாதென்று தெரிந்ததும் கோதண்டருக்குப் பழைய மிடுக்கு திரும்பிவிட்டது. "முத்துமாலையைத் தாருங்கள், மகாராஜா. செடியை வெட்டிப் பூக்க வைத்தது இந்தக் கை!"

ராஜா இப்போது விஷயம் புரிந்தவர். "வெட்டியது உன் கைதானா? யோசித்துச் சொல். வெட்டிய கைக்கு என்ன பரிசு என்று ஏற்கெனவே தண்டோரா போட்டிருக்கிறேன்."

கோதண்டர் சட்டென்று கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். "நான் எங்கே வெட்டினேன்? எல்லாம் மந்திரியார் சொன்ன கவாத்து, மகாராஜா!" சபை வயிறு குலுங்கச் சிரித்தது. முத்துமாலை நயினார் கழுத்துக்குப் போனது. அந்தத் தண்டோராவையும் ராஜா அன்றே ரத்து செய்துவிட்டார்.

சரத்தைப் பார்த்ததும் ராணி வந்துவிட்டாள். பூவை முகர்ந்தபடி, "நீங்கள் வளர்த்ததா?" என்று கேட்டாள்.

ராஜா ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தார். முடியவில்லை. "வெட்டியதும் எரு போட்டதும் கோதண்டர். வெட்ட வைத்தவர் நயினார். நான் குடை பிடித்தேன். அதையும் எடுத்த பிறகுதான் பூத்தது" என்றார் தலையைக் குனிந்துகொண்டு.

இவள் திரும்பவும் பல்லக்கில் ஏறிவிடுவாளோ என்று ஓரக்கண்ணால் வாசலைப் பார்த்தார். ராணி சிரித்துவிட்டுத் திரும்பிப் பின்னலைக் காட்டினாள். "சரி, வைத்துவிடுங்கள். கூடையோடு கொட்டாதீர்கள், ஒரு முழம் போதும்."

உத்தமராயர் தம் வாழ்நாளில் முதல் தடவையாக முழம் போட்டு அளந்து, ஒரு முழம் மட்டும் வைத்துவிட்டார்.