மாமன் மடியைக் கடலோரமாகக் கொண்டுபோன கதை

எங்கள் ஊரில் அறிவு அதிகமாகிப்போய் அவதிப்படுகிற குடும்பம் ஒன்று உண்டு. அண்ணன் தம்பி மூன்று பேர். மூத்தவன் துலுக்காணம், நடுவிலான் ஏகாம்பரம், கடைசி பூங்காவனம். என் வரப்பைக் கொத்தித் தங்கள் நிலத்தோடு சேர்த்துக்கொண்ட மகான்கள் இவர்கள்தான். அந்த வயிற்றெரிச்சலில் சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். இந்தப் பயணத்தில் இவர்களுக்கு வேன் ஓட்டிய நாசர் சொன்னதைத்தான் சொல்கிறேன். நாசருக்கு வரப்பும் இல்லை, வயலும் இல்லை.

இவர்களுக்கு ஒரே தங்கை, செண்பகம். புதுச்சேரியில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். அவள் பிள்ளைக்குக் காது குத்து வைத்தாள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும், இல்லாவிட்டால் மாமியார் வீட்டில் அவள் தலை நிமிர முடியாது. அண்ணன்கள் ஒரு நாள் முன்னதாகவே கிளம்பி, மாமல்லபுரத்தில் தொடங்கிக் கடலோரமாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு வருவதாகச் சொன்னதும் அவள் போனை எடுத்தாள். பெரிய அண்ணனிடம் சொன்னாள்.

"அண்ணே, எங்க வேணா சுத்து. என்னா வேணா தின்னு. காலைல முகூர்த்தத்துக்கு உன் மடியைப் பத்திரமா கொண்டாந்து சேத்துடு. அது போதும் எனக்கு."

மாமல்லபுரம் வரைக்கும் ஒரு குறையும் இல்லை. வேனை நிறுத்தியதும் துலுக்காணம் இறங்கி நின்றான். பூங்காவனம் அவன் இடுப்புக்குக் கீழே பார்த்துவிட்டு முகம் வெளுத்துப்போனான்.

"அண்ணே, மடி எங்க?"

துலுக்காணம் குனிந்து பார்த்தான். வேட்டி இருந்தது, கால் இருந்தது. மடி இல்லை.

"இப்பத்தானேடா இருந்தது, வண்டில."

மறுபடி வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தான். மடி வந்துவிட்டது. மூன்று பேரும் மூச்சு விட்டார்கள். ஏகாம்பரம் மூளைக்காரன், ஒரு வருஷம் டுட்டோரியலில் படித்தவன். அவன் விஷயத்தைப் பிடித்துவிட்டான். "நின்னா போயிடுதுண்ணே. ஒவ்வொரு தடவையும் திரும்பி வரும்னு என்னா நிச்சயம்? நாளைக்கு வரைக்கும் நீ நிக்காத."

அதன்பிறகு மாமல்லபுரத்தைத் துலுக்காணம் உட்கார்ந்தபடியேதான் பார்த்தான். தம்பிகள் இரண்டு பேரும் கைகோத்து, அதன்மேல் அவனை வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். கடற்கரைக் கோயில் வாசலில் காவலாளி பரிதாபப்பட்டார்.

"பாவம், நடக்க முடியாதவரா?"

"நல்லா நடப்பாரு," என்றான் பூங்காவனம். "நடந்தா மடி போயிடும்."

காவலாளி அதற்குமேல் கேட்கவில்லை. அரசாங்க உத்தியோகத்தில் இருப்பவர்களுக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியும். பாறையில் செதுக்கிய யானையைப் பார்க்க வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் யானையை விட்டுவிட்டு இவர்களைப் பார்த்தார்கள்.

சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரன் கட்டிய கோட்டையையும் இப்படியே பார்த்தார்கள். அங்கே இருக்கிற பழைய கல்லறைகளைக் காட்டி, "இவங்க எவ்ளோ காலமா படுத்திருக்காங்க, நம்ம அண்ணன் ஒரு நாள் உட்காரக் கூடாதா?" என்று ஏகாம்பரம் தம்பிக்குத் தைரியம் சொன்னான். தம்பிக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது.

ஆலம்பரைக் கோட்டைக்குப் போகிற வழியில் தேசம்மா என்கிற அம்மாள் ஓலைக் கொட்டகை போட்டு இறாலும் நண்டும் வறுத்துக்கொண்டிருந்தாள். துலுக்காணத்தைப் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்தார்கள். பக்கத்துக் கூடையிலிருந்து ஒரு நண்டு இறங்கி வந்தது. அதற்கு யார் தாய்மாமன் என்று தெரியுமா? கட்டைவிரலைக் கவ்வியது. துலுக்காணம் எகிறிக் குதித்து, மணலில் ஒற்றைக் காலில் நின்றான்.

மடி போயிற்று.

மூன்று பேரும் மண்டிபோட்டு மணலைச் சலித்தார்கள். துலுக்காணம் அழுதேவிட்டான். "செண்பகத்துக்கு என்னாடா பதில் சொல்லுவேன்? மடி இல்லாத மாமன்னு சபைல எப்படிப் போய் நிப்பேன்?"

தேசம்மா கரண்டியோடு வந்தாள். "இன்னாய்யா தேடுறீங்க?"

"மடிம்மா. அண்ணனோடது. இங்கதான் விழுந்தது."

அவள் கரண்டியால் நாற்காலியைக் காட்டினாள். "கெடைக்கும். மொதல்ல உட்காந்து துண்ணு. இறா ஆறுது."

துலுக்காணம் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தான். மடி அங்கே இருந்தது.

இப்போது ஏகாம்பரத்துக்குப் புதுச் சந்தேகம். "அண்ணே, அவசரப்படாத. இது உன் மடிதானா? கடைன்னா நாலு பேர் வந்து உட்காந்து போற இடம். வேற யாரோ விட்டுட்டுப் போனதா இருந்தா? ஊரான் மடில நம்ம புள்ளைய வெக்கலாமா?"

நியாயமான கேள்விதான். என் வரப்பு விஷயத்தில் மட்டும் இவ்வளவு நியாயம் இவர்களுக்குத் தோன்றவில்லை. பூங்காவனம் குனிந்து பார்த்து, வேட்டியில் பீடி சுட்ட ஓட்டையைக் காட்டினான். "நம்மளுதுதாண்ணே." பிறகு தேசம்மாவைப் பார்த்து, "உங்க கடைல இருந்துகினே சொல்லாம இருந்தீங்களேம்மா," என்று கொஞ்சம் வருத்தத்தோடு சொன்னான்.

இனி ஆபத்துக்கு இடம் கொடுக்கக் கூடாது என்று நாற்காலியை விலைக்குக் கேட்டு வாங்கி, துலுக்காணத்தை வலைக்கயிற்றால் அதோடு சேர்த்துக் கட்டினார்கள். மரக்காணத்து உப்பளத்தையும், புதுச்சேரியில் வெள்ளைக்காரன் கட்டிய மஞ்சள் வீடுகளையும் அவன் கட்டுண்ட நிலையில்தான் ரசித்தான். ராத்திரி தூங்கியதும் அப்படியே.

காலையில் கோயிலுக்குள் நாற்காலியோடு தூக்கி வந்து இறக்கினார்கள். மாமியார் வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். செண்பகம் மட்டும் சாமியைப் பார்த்துக் கும்பிட்டாள். நேரத்துக்கு வந்துவிட்டார்களே.

"மாமன் மடில புள்ளைய வைம்மா," என்றார் ஆசாரி, கையில் ஊசியோடு.

அவள் குழந்தையைக் கொண்டுவந்ததும் துலுக்காணம் இரண்டு கையாலும் மடியைப் பொத்திக்கொண்டான்.

"இரு. குத்தினா இவன் அழுவானா?"

"அழாம என்னாண்ணே?"

"அழுதா ஒண்ணுக்குப் போவான். ரெண்டு கோட்டை தாண்டி, நண்டு கிட்ட மாட்டி, தொலைஞ்சதை மீட்டு, கட்டிக் காப்பாத்திக் கொண்டாந்திருக்கேன். பத்திரமான்னு நீதானே சொன்ன? இதுல போயி மூத்திரம் பெய்ய வெக்கிறியே."

தம்பிகள் இரண்டு பேரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். ஆசாரி நேரமாகிறது என்றார். செண்பகம் அழும் நிலைக்கு வந்துவிட்டாள். "அப்ப புள்ள எங்கண்ணே உட்காரும்?"

ஏகாம்பரம் யோசித்தான். அண்ணன் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தன் தொடையைத் தட்டிக் காட்டினான்.

"இதுல வைம்மா. வழி பூரா எழுந்து எழுந்து தொலைச்ச மடிதான். கெட்டாப் பரவால்ல."