பிறந்ததும் அழாத ஜமீன்தார்

கூவையூர் ஜமீன்தார் பூபதித் துரைக்கு ஒருநாள் திடீரென்று போன ஜென்மம் ஞாபகம் வந்துவிட்டது. அந்த ஜென்மத்தில் அவர் ராஜாவாம். ஊர்க் குளத்தை வெட்டியதே அவர்தானாம். "என் குளத்துல இனி எவனும் குடத்தை இறக்கக் கூடாது" என்று வேலி போட ஆட்களோடு வந்து நின்றார்.

ஊரே கரையில் கூடிக் கையைப் பிசைந்தது. மருத்துவச்சி மாடத்தி மட்டும் முன்னால் வந்தாள். கூவையூரில் பாதிப் பேர் அவள் கையில் பிறந்தவர்கள், ஜமீன்தாரும்தான்.

"எசமான், வயித்துக்குள்ள இருக்கிற வரைக்கும் எல்லாருக்கும் பழைய ஜென்மம் ஞாபகம் இருக்குமாம். வெளிய வந்து, காத்துப் பட்டு, வீல்னு அழுததும் மறந்துபோகுமாமே?"

ஜமீன்தார் மீசையை முறுக்கினார். "நான் அழவே இல்ல. அதான் மறக்கல."

"நிசந்தான் சாமி. அழாத பிள்ளையைத் தலைகீழாப் பிடிச்சுப் பின்னால ரெண்டு போடுறது எங்க வழக்கம். உங்களுக்கும் போட்டேன். நீங்கதான் எதையும் மறக்கலையே, எத்தனை அடி விழுந்துச்சுன்னு சொல்லிடுங்க, வேலியைப் போடட்டும்."

கூட்டம் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டது. ஜமீன்தார் குத்துமதிப்பாக, "மூணு" என்றார்.

"ஒண்ணே ஒண்ணுதான் சாமி. அதுக்கே தெருக்கோடி வரைக்கும் கேட்க அழுதீங்க. அந்த அழுகையைக் கேட்டுத்தான் உங்க அம்மாவுக்கு உசுரே வந்துச்சு. அந்த ராஜா அன்னைக்கே போயிட்டாரு. நீங்க நல்லா இருங்க."

வேலிக் கம்புகள் வண்டியில் திரும்ப ஏறின. ஜமீன்தாரும் பல்லக்கில் ஏறினார். ஏறும்போது அவர் கை மட்டும், தன்னை அறியாமல், பின்பக்கத்தைத் தடவிக்கொண்டது.