ஃப்ரீதானே அக்கா?

சொர்ணவல்லி ஆசிரமத்துக்குள் நுழைந்த வேகத்தில் வாசல் கேட் சுவரில் மோதித் திரும்பியது. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து போன மாதம்தான் ரிட்டயர் ஆனவள். நாளைக்கு இங்கே மௌன விரதம் தொடங்குகிறது. அதில் ஒரு தடவையாவது உட்கார்ந்துவிட வேண்டும் என்று பல வருஷமாக ஏங்கிக்கொண்டிருந்தாள். வேலையில் இருந்தவரை லீவே கிடைக்கவில்லை.

குரு அருள்மொழியம்மா முற்றத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சிஷ்யையைவிட வயதில் சின்னவர். அதனால் அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"என்னக்கா, முகத்துல எள்ளும் கொள்ளும் வெடிக்குது?"

"தம்பி போன் பண்ணினாம்மா. குடும்பத்தோட நாளைக்குக் கொடைக்கானல் போறானாம். வீட்டு நாயைப் பார்த்துக்க ஆள் வேணுமாம். 'நீ ஃப்ரீதானே அக்கா'ங்கறான்!"

கேட்டீர்களா அநியாயத்தை! அவனைப் படிக்க வைத்ததே இவள்தான். அவன் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் டியூட்டி முடிந்த கையோடு ஓடியவளும் இவள்தான். இப்போது நாய்க்குக் காவல்!

"நீங்க என்ன சொன்னீங்க?"

"யோசிச்சுச் சொல்றேன்னேன். வேற என்னத்தைச் சொல்ல? பொய் சொல்லிட்டு விரதத்துல உட்கார முடியுமா? வேலைவெட்டி இல்லாம ஃப்ரீயாத்தானே இருக்கேன்!"

"சரி, ஃப்ரீயா விடுங்கக்கா" என்ற குரு, ஒரு கீரைக்கட்டை அவள் பக்கம் தள்ளினார். "இதைக் கொஞ்சம் ஆய்ஞ்சு கொடுங்க. நீங்க ஃப்ரீதானே?"

சொர்ணவல்லிக்குச் சுரீரென்று ஏறியது.

"நீங்களுமா அம்மா? சோப்பு வாங்கினா சீப்பு ஃப்ரீங்கறான் கடைக்காரன். அந்தச் சீப்புதானா நான்? காசில்லாம கிடைச்சா ஃப்ரீ. சும்மா உட்கார்ந்திருந்தா ஃப்ரீ. விடுதலைக்கும் அதே வார்த்தைதான்னு பள்ளிக்கூடத்துல சொல்லிக் கொடுத்தாங்களே, அந்த ஃப்ரீ மட்டும் ஏன் என் பக்கம் எட்டியே பார்க்கலை? நான் ஆய மாட்டேன், போங்க!"

குரு கட்டைத் தன் பக்கம் இழுத்து, தானே ஆய ஆரம்பித்தார்.

சொர்ணவல்லி டாக்டரிடமோ தம்பியிடமோ அவன் பெண்டாட்டியிடமோ ஒருநாளும் மாட்டேன் என்று சொன்னதில்லை. முதல்முதலாகச் சொன்னது, போயும் போயும் குருவிடமா! அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் வருத்தம் எதுவும் தெரியவில்லை.

மடியில் இருந்த போன் அடித்தது. தம்பிதான்.

"என்னம்மா சொல்லட்டும்? எனக்குத்தான் பொய் வராதே."

"பொய் எதுக்குக்கா? ஃப்ரீதானேன்னு கேட்டா, ஆமான்னு சொல்லுங்க. ஃப்ரீயாத்தான் இருக்கேன், அதனாலதான் வரலைன்னு சொல்லுங்க."