பந்தியில் பேசக்கூடாது

"ஒருத்திக்குக் காது கேட்கலை. அதுக்காக மடமே கையை ஆட்டணுமா அக்கா?" என்று பூவலிங்கம் கேட்டார்.

அக்கா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

மலையடிவாரத்தில் சின்ன மடம் அது. நடத்துகிறவர் அக்கா. பூவலிங்கத்தைவிட வயதில் சின்னவர். தான் ஞானம் தேடி அவரிடம் வந்தவர் என்பதால் பூவலிங்கம் அவரை அக்கா என்றார். வயதில் மூத்தவர் என்பதால் அக்கா இவரை அண்ணாச்சி என்றார். இரண்டு பேருக்கும் அது பழகிப்போனது.

"யாருக்காகன்னு நான் சொல்லலியே அண்ணாச்சி" என்றார் அக்கா.

"சொல்லணுமா? சமையல்கட்டில் இருக்கிற வடிவுக்குத்தான். தங்குறவங்க எல்லாரும் மத்தியானம் அவகிட்டப் போய்ச் சைகை படிக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க."

"சொன்னேன்."

"நான் கடவுளைத் தெரிஞ்சுக்க வந்தவன்."

"தெரியும்."

"அவளுக்கு எழுதிக் காட்டினா போதாதா?"

"அவளை யாரும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலை."

"அப்போ நம்ம உதட்டைப் பார்த்துப் புரிஞ்சுக்கட்டும்."

அக்கா நிமிர்ந்தார். சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்தார்.

"என்ன சொன்னேன்?"

பூவலிங்கம் யோசித்தார். "பொறுமையா இருன்னு சொன்னீங்க."

"வேட்டியில் சாம்பார் கொட்டியிருக்குன்னு சொன்னேன்."

பூவலிங்கம் குனிந்து பார்த்தார். கொட்டித்தான் இருந்தது.

*

பூவலிங்கத்துக்கு நல்ல குரல். கோயில் கொடைத் திருவிழாக்களில் மைக் இல்லாமலே சொற்பொழிவு செய்தவர். கடைசி வரிசையில் தூங்குகிறவனும் எழுந்து உட்காருவான் என்பார்கள்.

அந்தக் குரலுக்கு மடத்தில் ஓர் இடத்தில் மட்டும் வேலை இல்லை. பந்தியில்.

இலை போட்டது முதல் இலை எடுக்கும் வரை யாரும் வாய் திறக்கக்கூடாது. அது மடத்தின் வழக்கம். சோறு வேண்டும், சோறு போதும், ரசம் கொஞ்சம், எல்லாம் கையால்தான். பாதிச் சாப்பாட்டில் எழுந்திருக்கவும் கூடாது.

பந்தியில் பரிமாறுகிறவள் வடிவு. யாருக்கு எது வேண்டும் என்பது ஒரு பார்வையில் அவளுக்குத் தெரிந்துவிடும். சும்மா கையை நீட்டினால் சோறா குழம்பா என்று கண்ணாலேயே கேட்பாள். வேடிக்கையும் பண்ணுவாள். அப்பளத்துக்கு மூன்றாம் தடவை கை நீட்டியவரின் வயிற்றைப் பார்த்துத் தன் வயிற்றில் ஒரு பெரிய பானை வரைந்து காட்டுவாள். பந்தியே சத்தமில்லாமல் குலுங்கும்.

இலை எடுத்ததும் எல்லோரும் பேச ஆரம்பிப்பார்கள்.

வடிவு வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். அதற்கப்புறம் மறுபடி இலை போடும் வரைக்கும் அவள் ஊமை.

*

மத்தியானம் பூவலிங்கம் சமையல்கட்டுக்குப் போனார்.

வடிவு பாயில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் குழந்தை சந்தனமாரி. இரண்டு வயது ஆகப்போகிறது. குழந்தையின் அரைஞாணிலிருந்து ஒரு நூல் போய் வடிவின் கட்டைவிரலில் முடிந்திருந்தது.

குழந்தை புரண்டது. வாயைக் கோணியது. அழுகை வெளியே வருவதற்குள் வடிவு எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

வாசலில் நின்ற பூவலிங்கத்தைப் பார்த்தாள். உட்காரச் சொன்னாள்.

அன்றைக்குச் சொல்லிக்கொடுத்தது தண்ணீர். மூன்று விரலைச் சேர்த்து உதட்டில் இரண்டு தட்டு.

பூவலிங்கம் தட்டினார்.

குழந்தையும் தட்டியது. அதற்கு மூன்று விரல் சேரவில்லை. உள்ளங்கை முழுதையும் வாயில் அடித்துக்கொண்டது.

வடிவு இரண்டு பேரையும் பார்த்தாள். குழந்தையைக் காட்டி, நன்றாக வருகிறது என்றாள். பூவலிங்கத்தைக் காட்டி, பார்க்கலாம் என்றாள்.

சோறு, தண்ணீர், போதும். அந்த வாரம் முழுதும் அவர் படித்தது இவ்வளவுதான். கூப்பிட வேண்டும் என்றால் காலால் தரையைத் தட்ட வேண்டும் என்பதும் தெரிந்தது.

"இதுக்கு மேலே எனக்கு எதுக்கு?" என்று அக்காவிடம் சொன்னார். "சாப்பாட்டுக்கு இது போதும்."

"போதும்னா சரி" என்றார் அக்கா.

*

வெள்ளிக்கிழமை வடிவின் மாமனாரும் மாமியாரும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். மாமனார் சுடலைமுத்து. மாமியார் ஆறுமுகத்தாய்.

வடிவின் புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டான். அவன் போன பிறகு அவள் கைக்குழந்தையோடு வேலை தேடி மடத்துக்கு வந்தவள். அவர்கள் இப்போதுதான் முதல் தடவையாக வருகிறார்கள்.

ஆறுமுகத்தாய் குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். குழந்தை அவர் முகத்தை உற்றுப் பார்த்தது. பிறகு தன் மூக்கை இந்தப் பக்கம் ஒரு தொடு, அந்தப் பக்கம் ஒரு தொடு தொட்டது.

"பிள்ளைக்குச் சளி பிடிச்சிருக்கு பாருங்க" என்றார் ஆறுமுகத்தாய். முந்தானையால் மூக்கைத் துடைத்துவிட்டார்.

சுடலைமுத்து அக்காவைப் பார்த்துப் பேசினார். "சண்டைக்கு வரலை தாயி. பேத்தியை எங்ககூட அனுப்பி வையுங்க. மத்தியான பஸ்ஸுக்குக் கிளம்பணும்."

"ஏன்?" என்றார் அக்கா.

"ராத்திரி பிள்ளை அழுதா இவளுக்குக் கேட்குமா? ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிட்டா?"

"அதுமட்டுமில்ல" என்றார் ஆறுமுகத்தாய். "பிள்ளைக்குக் காது நல்லாக் கேட்குது. வாயிலதான் ஒரு சொல்லு வரலை. எதிர்வீட்டுப் பிள்ளை இந்த வயசுல எம்புட்டுப் பேசுது. இவகிட்டயே இருந்தா இதுவும் இவளை மாதிரி ஆயிரும். வாயுள்ள பிள்ளையை ஊமையா வளர்க்க எங்களுக்கு மனசு வரலை."

அவர் கண் கலங்கியிருந்தது. அவர் சொன்னதில் பொய் இல்லை.

வடிவு ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பை ஒன்று புதிதாக வாங்கி வந்திருந்தார்கள். சின்னப் பை. குழந்தையின் துணி வைக்கிற அளவு. அதைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

அவள் கைகள் வேகமாக எழுந்தன.

ஆறுமுகத்தாய் எட்டி அந்த இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "சரி, சரி. அழாதடி. நாங்க என்ன அந்நியமா? நல்லா வளர்ப்போம்" என்றார். பிரியமாகத்தான் பிடித்திருந்தார். விடவில்லை.

நல்ல மனசுக்காரி என்று பூவலிங்கம் நினைத்தார்.

"என்ன சொல்றீங்க தாயி?" என்று சுடலைமுத்து கேட்டார்.

"பந்திக்கு நேரமாச்சு" என்றார் அக்கா. "சாப்பிட்டுட்டுப் பேசலாம்."

*

இலை போட்டார்கள். வாய்கள் மூடின. விருந்தாளிகளுக்கும் அந்த வழக்கத்தைச் சொல்லியிருந்தார்கள்.

ஆறுமுகத்தாய் குழந்தையைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டார். பூவலிங்கம் அவருக்கு நேர் எதிர் வரிசையில் இருந்தார். வடிவு ஒரு கையில் சாம்பார் வாளியும் மறு கையில் கரண்டியுமாக அந்தக் கோடியில் நின்றாள். இங்கிருந்து அவள் முதுகுதான் தெரிந்தது.

ஆறுமுகத்தாய் சோற்றைப் பிசைந்து ஊட்டினார். நாலாவது வாயில் ஊறுகாய் பட்டுவிட்டது.

குழந்தை முகம் சிவந்தது. கையைத் தூக்கி வாயில் இரண்டு தடவை அடித்துக்கொண்டது.

ஆறுமுகத்தாய் அந்தக் கையைக் கீழே இறக்கிவிட்டார்.

குழந்தை மறுபடி அடித்துக்கொண்டது.

இறக்கினார்.

மறுபடி.

பிள்ளை தன்னைத்தானே அடித்துக்கொள்கிறது என்று அவர் நினைத்தார் போல. இரண்டு பிஞ்சுக் கையையும் சேர்த்துத் தன் இடது கைக்குள் பிடித்துக்கொண்டார். பிரியமாகத்தான் பிடித்தார். விடவில்லை.

குழந்தை வீறிட்டு அழுதது.

ஆறுமுகத்தாய் மடியை ஆட்டினார். முதுகைத் தட்டினார். நெஞ்சோடு சேர்த்து அணைத்தார். அணைக்க அணைக்க அழுகை கூடியது.

பூவலிங்கம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் வாயைத் திறந்தார். பந்தியின் முதல் இலையில் உட்கார்ந்திருந்த அக்கா தன் இலைக்கு மேலே உள்ளங்கையை நீட்டிக் காட்டினார். போதும்.

வாயை மூடிக்கொண்டார்.

ஆறுமுகத்தாயைப் பார்த்துக் கையை ஆட்டினார். அவர் நிமிர்ந்ததும் மூன்று விரலைச் சேர்த்துத் தன் உதட்டில் தட்டிக் காட்டினார்.

ஆறுமுகத்தாய் முறைத்தார்.

மறுபடி தட்டினார். குழந்தையைக் காட்டினார். தட்டினார். சோறு ஒட்டிய விரல் உதட்டில் சத்தம் கேட்கிற அளவுக்குத் தட்டினார்.

ஆறுமுகத்தாய் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். சுடலைமுத்து சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பூவலிங்கத்தை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

பூவலிங்கத்துக்கு வேர்த்தது. சின்ன விஷயம். ஒரே ஒரு சொல். தண்ணீர். இவ்வளவு பக்கத்தில் இருந்தும் போய்ச் சேரவில்லை.

குதிகாலால் தரையை ஓங்கித் தட்டினார்.

கோடியில் நின்ற வடிவு திரும்பினாள்.

அவர் விரலை உதட்டில் தட்டினார். குழந்தையைக் காட்டினார்.

வாளியைக் கீழே வைத்தாள். ஓடிவந்து மாமியார் முன்னால் மண்டியிட்டாள். உடனே தண்ணீர் கொடுக்கவில்லை. மாமியாரின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் குழந்தையின் கையை விடுவித்தாள். என்ன என்று குழந்தையிடம் கேட்டாள்.

விக்கிக்கொண்டே குழந்தை உள்ளங்கையை வாயில் இரண்டு தடவை அடித்தது.

வடிவு டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். குழந்தை முழுதையும் குடித்தது. அழுகை நின்றது.

குடித்துவிட்டு ஆறுமுகத்தாயைத் திரும்பிப் பார்த்தது. மூக்கை இந்தப் பக்கம் தொட்டது, அந்தப் பக்கம் தொட்டது. வாயில் இரண்டு தடவை அடித்தது.

வடிவு இன்னொரு டம்ளரில் தண்ணீர் ஊற்றி மாமியார் முன்னால் வைத்தாள். வாளியை எடுத்துக்கொண்டு தன் வேலையைப் பார்க்கப் போனாள்.

பந்தி முடியும் வரை ஆறுமுகத்தாய் அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

*

இலை எடுத்தார்கள்.



ஆறுமுகத்தாய்தான் முதலில் கேட்டார். பூவலிங்கத்தைப் பார்த்துக் கேட்டார்.

"பிள்ளை தண்ணி கேட்டுச்சோ?"

"ஆமா. நாலு தடவை கேட்டுச்சு."

"சரி. எனக்கு எதுக்குத் தண்ணி வச்சா? நான் கேட்கலியே."

பூவலிங்கத்துக்குத் தெரியவில்லை. தரையைத் தட்டி வடிவைக் கூப்பிட்டார். டம்ளரைக் காட்டினார். ஆறுமுகத்தாயைக் காட்டினார். கையை விரித்தார்.

வடிவு குழந்தையைக் காட்டினாள். தன் மூக்கை இரண்டு பக்கமும் தொட்டாள். மூன்று விரலை உதட்டில் தட்டினாள்.

"பிள்ளை சொல்லிச்சாம்" என்றார் பூவலிங்கம். "மூக்குக்கும் தண்ணி கொடுன்னு."

"மூக்குக்கா?"

பூவலிங்கம் பதில் சொல்ல வாயெடுத்தார். அப்போதுதான் ஆறுமுகத்தாயின் முகத்தைச் சரியாகப் பார்த்தார். மூக்கின் இரண்டு பக்கமும் இரண்டு மூக்குத்தி மின்னியது.

"உங்களைத்தான்" என்றார்.

ஆறுமுகத்தாய் மடியில் இருந்த குழந்தையைப் பார்த்தார்.

"வந்ததும் அப்படித்தான் செஞ்சுது" என்றார் மெதுவாக. "நான் சளின்னு துடைச்சுவிட்டேன்."

குழந்தையின் தலையைத் தடவினார்.

"கல்யாணம் ஆகி வந்த புதுசுல இவளும் எந்நேரமும் மூக்கைத் தொட்டுக்கிட்டே இருப்பா. என்ன பழக்கம்டி இதுன்னு கையைத் தட்டிவிடுவேன்."

அவர் வடிவைப் பார்த்தார். வடிவு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்க இருக்கிற எல்லாருக்கும் இப்படிப் பேரு உண்டோ?" என்று ஆறுமுகத்தாய் கேட்டார்.

"இருக்கும்."

"உங்க பேரு என்ன?"

"தெரியலை" என்றார் பூவலிங்கம். "நான் கேட்டதே இல்லை."

அக்கா எழுந்து உள்ளே போனார்.

மலைப்பாதையில் ஹாரன் சத்தம் கேட்டது. சுடலைமுத்து அந்தச் சின்னப் பையைக் கையில் எடுத்தார்.

"ஏளா, பிள்ளையத் தூக்கு. பஸ் வந்துட்டு."

ஆறுமுகத்தாயின் விரல் மூக்குத்தியில் இருந்தது. இந்தப் பக்கம் தொட்டது. தயங்கி அந்தப் பக்கமும் தொட்டது.

மடியில் இருந்த குழந்தை அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தது.

"பஸ் போகட்டும்" என்றார்.