வெறும் கல்லில் ஒரு தட்டு

சிவனணைந்தாளின் இரும்புப் பட்டறையில் சைக்கிள் செயினில் செய்த மயில் இருந்தது. உடைந்த மண்வெட்டிகளில் செய்த யாளி இருந்தது. எல்லாம் காயலான் கடை இரும்பு என்று சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டீர்கள். அவளிடம் தொழில் படிக்க வந்த ஆவுடையப்பனோ அவளைவிட மூத்தவர்.

"என்ன செய்யணும் அண்ணாச்சி?"

"ஒரே ஒரு முகம் தாயி. என் மகன் கோமதிநாயகம் முகம். மறந்துக்கிட்டே வருது."

"போட்டோ இல்லையா?"

"இருக்கு. அதுல யாரோ மாதிரி சிரிக்கான்."

மகன் ஓட்டிய லாரி கவிழ்ந்து அவன் செத்துப் போயிருந்தான். அந்த லாரியின் இரும்புப் பட்டை ஒன்றைத் தேடிப் பிடித்துத் தோளில் சுமந்து வந்திருந்தார். பெத்த மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்.

பட்டறையில் வேலை நடக்கும்போது பேச்சு கிடையாது. ஆசாரி ஒரு கையில் குறடால் இரும்பைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் சின்னச் சுத்தியலால் தட்டிக் காட்டுவார். தட்டிய இடத்தில் எதிரே நிற்பவர் சம்மட்டியை இறக்க வேண்டும். இரும்பை விட்டு, அதற்கு அடியில் இருக்கும் வெறும் அடைகல்லில் தட்டினால், போதும், நிறுத்து என்று அர்த்தம். இதைத்தான் அவள் முதலில் சொல்லிக் கொடுத்தாள்.

ஒருநாள் உச்சிப்பொழுதில் கரி வாங்கப் போனாள். திரும்பும்போது தெருமுனையிலேயே சத்தம் கேட்டது. டிங் என்று சுத்தியல், தொம் என்று சம்மட்டி. எவனைக் கூட்டி வந்தார் இந்த மனுசன் என்று எரிச்சலோடு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

உள்ளே ஆவுடையப்பன் மட்டும்தான் இருந்தார். இரண்டு கையும் சம்மட்டிக் காம்பில் இருந்தன. எதிரே குறடு அந்தரத்தில் நின்று இரும்பைக் கவ்வியிருந்தது; பக்கத்தில் சின்னச் சுத்தியலும் பிடிக்க ஆளில்லாமல் நின்றது. இரும்பில் நெற்றி, மூக்கு, லேசாகக் கோணிய உதடு எல்லாம் வந்திருந்தன.

அவளுக்கு ஓடிவிடலாம் என்றுகூடத் தோன்றியது.

"யாரு அண்ணாச்சி குறடப் பிடிச்சிருக்கது?"

"அவன்தான். நெத்தியக் காட்டினான், மூக்கக் காட்டினான். நான் அடிச்சேன்."

டிங்.

சுத்தியல் வெறும் கல்லில் தட்டியது.

"நிறுத்தச் சொல்லுது."

"ரொம்ப நேரமாச் சொல்லுதான் தாயி."

அவள் அந்த இரும்பு முகத்தைப் பார்த்தாள். ஒரு கன்னம் தகடாய் மெலிந்து ஓரத்தில் விரிசல் விட்டிருந்தது.

"பிறகும் அடிக்கீங்களா?"

"நிறுத்தினா போயிருவானே. நான் என்ன செய்ய? நீயே சொல்லு."

டிங். இந்தத் தடவை சத்தம் மெலிந்திருந்தது. குறடு நடுங்கியது. ஆவுடையப்பன் சம்மட்டியைத் தலைக்குமேல் தூக்கினார்.

சிவனணைந்தாள் கிட்டே போய் அவர் தோளைத் தொட்டாள்.

"அடிக்கிற உங்களுக்கே கை ஓஞ்சு போச்சு. பிடிச்சுக்கிட்டு நிக்கிற பிள்ளைக்கு வலிக்காதா அண்ணாச்சி?"